பிரேயர் ஹாலுக்கு என்ன கலர்

எனக்குப் படிப்பு வரவில்லை. பாட்டும் வரவில்லை. சமையல் சுமார்தான் என்று வீட்டில் சாப்பிடுகிறவர்களே சொல்வார்கள். கலர் மட்டும் வரும்.

தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், முதல் மாடியில் எங்கள் கடை இருக்கிறது. மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்து பிரித்தால் அதற்கு ஒத்த ஜாக்கெட் துணியை எடுத்துக் கொடுப்போம். அரக்கு, வெங்காயத்தோல், மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, மயில் கழுத்து என்று சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கத் துணி. டியூப் லைட் பொய் சொல்லும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். புடவையையும் துணியையும் தெரு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். நானும் ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை படி இறங்கி ஏறியிருக்கிறேன். பிறகு தேவைப்படவில்லை. புடவையைப் பார்த்த மாத்திரத்தில் கை தானாக அலமாரிக்குப் போய்விடும். வாடிக்கைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

அறுபதை நெருங்குகிற என்னைக் கடையில் நிற்க வைத்திருந்தது இந்தக் கண்தான். கண்ணில் கோளாறு என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால், மறுநாளே 'இனிமேல் நீ வீட்டில் ஓய்வெடு' என்பார்கள். மேற்கு மாம்பலத்து வீட்டில் ஓய்வெடுத்து நான் என்ன செய்வது? சீரியல்தான் பார்க்க வேண்டும்.

என் மருமகள் கடைக்கு வர ஆரம்பித்து நான்கு வருஷம் ஆகிறது. மகன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். என் கணவர் கொள்முதலுக்கு அலைவார். கடையில் நாங்கள் இருவரும்தான். நல்ல பெண். ஆனால் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் துணியை வெட்டிக் கொடுத்து, வாங்கியவர் படி இறங்கியதும், இவளும் பின்னாலேயே இறங்குவாள். 'தண்ணி வாங்கிட்டு வாரேன் அத்தை', 'கீழ வண்டி நிக்குதான்னு பாத்துட்டு வாரேன் அத்தை' என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. ஐந்து நிமிஷம் கழித்து மூச்சு வாங்க ஏறி வருவாள். என் வாடிக்கைக்காரர்களோடு இவளுக்குத் தனியாக என்ன பேச்சு? தைத்துக் கொடுப்பதாகச் சொல்லித் தனியாக ஆர்டர் பிடிக்கிறாளோ என்று சந்தேகம். கேட்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

போன வருஷம் மொத்தமாகவே ஒரு மாதிரியாக இருந்தது. வீட்டு வேட்டியெல்லாம் பழுப்பாகத் தெரிந்தது. சோப்புத் தூளை இரண்டு தடவை மாற்றினேன். 'வெள்ளையாத்தானே இருக்கு அத்தை' என்றாள் மருமகள். இவளுக்குத் துவைக்கச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். மெரினாவில் கடல் முன்போல நீலமாக இல்லை என்றுகூட ஒருநாள் என் கணவரிடம் சொன்னேன். சாக்கடையெல்லாம் அங்கேதானே போகிறது என்று அவர் காரணமும் சொன்னார்.

அந்த நிலையில்தான் என் பள்ளித் தோழியிடமிருந்து போன் வந்தது. அபிராமபுரத்தில் இருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"ஏண்டி, நம்ம ஸ்கூல் பிரேயர் ஹாலுக்கு அப்போ என்ன கலர் அடிச்சிருந்தா? ஞாபகம் இருக்கோ?"

நாங்கள் படித்தது மயிலாப்பூரில், மாட வீதிகளைத் தாண்டி உள்ளே ஒரு தெருவில் இருந்த பெண்கள் பள்ளியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குளத்துக்கு அருகே பலசரக்குக் கடை போட்ட என் அப்பா, கடையிலிருந்து பார்த்தால் பள்ளியின் கேட் தெரிகிறது என்பதற்காகவே என்னை அங்கே சேர்த்தார். சிவப்புச் செங்கல், நீள வராந்தா, ஆள் உயர ஜன்னல். நூறு வயதுக்கு மேலான கட்டடம். பிள்ளைகள் குறைந்துபோய் வகுப்புக்கு ஐந்தாறு பேர் என்றானதும் மூடிவிட்டார்கள். இடித்து ஃப்ளாட் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கடைசியில் ஏதோ நல்ல புத்தி வந்து, அதைக் கலை மையமாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள். படம் வரையலாம், மண்பாண்டம் செய்யலாம், நாடகம் போடலாம், யார் வேண்டுமானாலும் வரலாம். என் தோழி வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் உதவி செய்துகொண்டிருந்தாள்.

"ஹாலுக்கு மட்டும் பழைய கலரையே அடிக்கணும்னு பாக்கறா. இருக்கற ஃபோட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை. பழைய ஸ்டூடன்ட்ஸ்ட்ட கேட்டா ஆளுக்கொரு கலர் சொல்லிண்டிருக்கா. ஒருத்தி மஞ்சள்ங்கறா, ஒருத்தி ரோஸ்ங்கறா. நான்தான் சொன்னேன், கலருக்குன்னே ஒருத்தி இருக்கா, அவளைக் கூப்பிடுங்கோன்னு."

"மயில் கழுத்து" என்றேன் யோசிக்காமல்.

யோசிக்க என்ன இருக்கிறது? அந்தச் சுவரால் நான் அடி வாங்கியிருக்கிறேன். ஒருநாள் எங்கள் பூகோள டீச்சர் மயில் கழுத்துக் கலரில் புடவையும் அதே கலரில் முழங்கை வரை ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு வந்தார். பிரேயர் நடக்கும்போது, யார் கண்ணை மூடவில்லை என்று பார்த்துக்கொண்டே சுவரோரமாக நடந்தார். நான் கண்ணை மூடவில்லை. சுவரும் புடவையும் ஒரே கலர். டீச்சரின் தலையும் இரண்டு கைகளும் மட்டும் தனியாக ஹாலில் ஊர்வலம் போவதுபோல எனக்குத் தெரிந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஸ்கேலால் நான்கு அடி, அதோடு இரண்டு பீரியட் சுவரைப் பார்த்து முட்டி போட வேண்டும் என்று தண்டனை. ஒரு முழ தூரத்தில் அந்தச் சுவரைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் இரண்டு பீரியட். நீலம் சற்றுத் தூக்கலான மயில் கழுத்து. கலர் என்பது இத்தனை நேரம் பார்க்கத் தகுந்த விஷயம் என்று எனக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் போனேன். போன உடனேயே குழப்பம். கேட் இடம் மாறியிருந்தது. மாடிப்படி இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிக் கதவு. எங்கள் ஆறாம் வகுப்பில் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள். சயின்ஸ் லேபில் பறை அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாமல், கால்கள் தாமாகக் கூட்டிப்போன இடம் எச்.எம். ரூம். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து கப்பும் கையுமாக ஒரு பெண் வந்து, "ஆன்ட்டி, காபி ஆர்டர் அந்தப் பக்கம்" என்றாள். எச்.எம். ரூமைக் காபிக் கடை ஆக்கியிருந்தார்கள். உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு முந்தைய பயம் முதுகிலேயே இருந்திருக்கிறது.

பிரேயர் ஹாலில் என் தோழி காத்திருந்தாள். கட்டட வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த ஆர்க்கிடெக்ட் பெண்ணும் இருந்தாள். சுவர் முழுக்க வெள்ளை. ஜன்னலுக்குப் பக்கத்தில் பெயிண்டர் ஒருவர் சிறிய பிளேடால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்டு, தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவராம். அதைச் சொல்லிக்கொண்டே, பதறாமல், உரித்தார். வெள்ளைக்குக் கீழே க்ரீம். அதற்குக் கீழே ரோஸ். அதற்கும் கீழே மஞ்சள். ஆளுக்கொரு கலர் சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு வருஷத்தில் படித்தவர்கள், அவ்வளவுதான். எனக்கு நம் முறை எப்போது வரும் என்று இருந்தது.

"தோ, கடைசிப் பூச்சு வந்துக்கினு கீது பாரும்மா" என்றார்.

உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். ஆர்க்கிடெக்ட் பெண் கை தட்டினாள். என் தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ சொன்ன மாதிரியே மயில் கழுத்துடி!"

நான் குனிந்து பார்த்தேன். பச்சை. நன்றாக வெயிலில் காய்ந்த வேப்பிலை மாதிரி ஒரு பச்சை. நீலம் மருந்துக்கும் இல்லை.

"இது இல்லை" என்றேன். "இது வெறும் பச்சை. இன்னும் கீழே இருக்கும், சுரண்டுங்க."

"இதுக்கு அடில சுண்ணாம்பு தாம்மா கீது. இன்னும் நோண்டுனா செங்கல்லு தான் வரும்."

"அப்ப இந்தச் சுவர் இல்லை. எதிர்ச் சுவர்."

எதிர்ச் சுவரையும் சுரண்டினார். அதே பச்சை. மூன்று பேரும் மயில் கழுத்து, மயில் கழுத்து என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் மனசு நோகக் கூடாதென்று எல்லாரும் சேர்ந்து நடிக்கிறார்களா? அல்லது நான் முட்டி போட்டது இந்த ஹாலே இல்லையா? பூகோள டீச்சர் என்று ஒருவர் இருந்தாரா? தோழியைக் கேட்டேன். இருந்தார், அவளும் அடி வாங்கியிருக்கிறாள். அதில் சந்தேகமில்லை. பிறகு சுவர் எப்படிப் பச்சையாகும்?

குழப்பம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும். "முப்பது வருஷமா கலரை வச்சுச் சோறு சாப்பிடறேன். மயில் கழுத்து எதுன்னு நாளைக்குத் துணியோட வந்து காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, தோழி காபிக்குக் கூப்பிட்டதைக்கூடக் காதில் வாங்காமல் ஆட்டோ ஏறினேன்.

கடைக்கு வந்து நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கிற எல்லாத் துணியையும் மேசைமேல் இறக்கினேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். முட்டி போட்ட அன்று பார்த்த சுவர் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. அதற்குச் சரியாக வருகிற துணி கிடைத்ததும் நெஞ்சு குளிர்ந்தது. கால் மீட்டர் வெட்டினேன். மருமகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இதையா கொண்டுபோப் போறீங்க?"

"ஏன்?"

"கீழ வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துக்கிடுவோமா?"

"எனக்கே கலர் சொல்லித் தாரியா நீ?"

அவள் மேசைமேல் கிடந்த மற்றத் துணிகளை மடித்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் நான் கிளம்பியபோது, தானும் வருவதாகச் சொன்னாள். கடையை யார் பார்ப்பது என்று கேட்டதற்கு, மாமாவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். தோளில் ஒரு துணிப்பை. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. உண்மையில் அவள் வருவது எனக்குச் சந்தோஷம்தான். நான் ஜெயிப்பதை வீட்டு மனுஷி ஒருத்தி பார்க்கட்டும் என்று இருந்தது.

ஹாலின் ஆறு ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தார்கள். காலை வெயில் தரை வரை வந்தது. இதைவிட நல்ல வெளிச்சம் கேட்க முடியாது. தோழி, ஆர்க்கிடெக்ட் பெண், பெயிண்டர் என்று முந்தின நாள் இருந்த அதே மூன்று பேர். நான் பையிலிருந்து துணியை எடுத்து உதறி, சுரண்டிய இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் வைத்துப் பிடித்தேன்.

"இதுதான் மயில் கழுத்து. இப்ப சுவரைப் பாருங்க. எவ்வளவு வித்தியாசம்!"

மூவரும் துணியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வித்தியாசத்தைப் பார்த்து அசந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெயிண்டர் தலையைச் சொறிந்தார்.

"யம்மா, அது நீலம்மா."

"என்னது?"

"சுத்த நீலம்மா. எங்க பொண்ணு ஸ்கூல் பாவாட கலரு."

நான் தோழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் துணியையே பார்த்துக்கொண்டு, "நீலம்தாண்டி" என்றாள் மெதுவாக.

என் கையில் இருந்ததை நான் திரும்பப் பார்த்தேன். மயில் கழுத்துதான். நீலமும் பச்சையும் கலந்து, நீலம் சற்றுத் தூக்கலாக. இத்தனை வெயிலில், இத்தனை பக்கத்தில். இவர்கள் எல்லாருக்கும் என்ன ஆகிவிட்டது? காது அடைத்த மாதிரி இருந்தது. துணியைக் கீழே விட்டுவிட்டேன்.

மருமகள் துணியைக் குனிந்து எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு பழைய நீள நோட்டை எடுத்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கடை தொடங்கிய புதிதில், வருகிற ஒவ்வொரு கலரிலும் ஒரு துண்டு வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஸ்டேபிள் போட்டு, கீழே பெயர் எழுதி நான் வைத்திருந்த நோட்டு. எங்கேயோ தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அவள் ஒரு பக்கத்தைப் பிரித்து, நோட்டை அப்படியே சுவரோடு சேர்த்து வைத்தாள்.

துண்டைக் காணோம். சுவரும் அதுவும் ஒன்றாகிவிட்டன. நோட்டின் காகிதமும் ஸ்டேபிள் பின்னும்தான் தெரிந்தன. என் கண்ணுக்கு இரண்டுமே அந்தக் காய்ந்த வேப்பிலைப் பச்சை. ஆனால் இரண்டும் ஒன்று, அதில் சந்தேகமே இல்லை. கீழே என் கையெழுத்தில், என் குண்டு எழுத்தில், 'மயில் கழுத்து' என்று இருந்தது.

ஒரு கலரை மயில் கழுத்து என்று நானே பார்த்து, நானே வெட்டி, நானே பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அதே துண்டு இப்போது எனக்குப் பச்சையாகத் தெரிகிறது. துண்டு மாறவில்லை, சுவர் மாறவில்லை. பிறகு எது மாறியது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எச்.எம். ரூமில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை எழுந்திருக்கத் தோன்றவில்லை. மருமகள் இரண்டு காபி வாங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் குடிக்காமல் கேட்டேன்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒண்ணேகால் வருஷம் இருக்கும் அத்தை."

"கடையில நான்..."

"எல்லாம் தப்பா வராது அத்தை. சந்தனக் கலருக்கு வெள்ளையை வெட்டுவீங்க. கருநீலத்துக்குக் கறுப்பு. நாளைக்கு ரெண்டு மூணு அப்படி வரும். நான் சரியானதைச் சின்னதா மடிச்சு முந்தானையில வச்சுக்கிட்டுக் கீழ போயி மாத்திக் கொடுத்துருவேன். 'அக்கா, பீஸ்ல ஒரு ஓட்டை இருந்துச்சு, இதை வச்சுக்கோங்க'ன்னு சொல்லுவேன்."

தண்ணீர் வாங்கப் போனது, வண்டி நிற்கிறதா என்று பார்க்கப் போனது, மூச்சு வாங்க ஏறி வந்தது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். என்னை ஒரு வருஷமாகப் பொம்மையாக நிற்க வைத்திருக்கிறாளே!

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"மொத தடவை சொன்னேனே அத்தை. சந்தனப் பட்டுக்கு வெள்ளையை வெட்டிட்டீங்கன்னு. அன்னிக்குப் பூரா நீங்க என்கூட பேசல. ராத்திரி சாப்பிடவும் இல்ல."

சொல்லத்தான் செய்திருக்கிறாள். எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. வாய்க்கொழுப்புப் பிடித்தவள் என்று அன்று என் கணவரிடம் புகார் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவள் தண்ணீர் வாங்கப் போக ஆரம்பித்திருக்கிறாள். அந்தக் காபிக் கடையில், பெல் அடித்தால்கூட எழுந்திருக்க முடியாதபடி உட்கார்ந்திருந்தேன். வெட்கம் பாதி, கோபம் பாதி, இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது பாதி. மூன்று பாதி எப்படி வரும் என்று கேட்காதீர்கள். அன்று எனக்கு வந்தது.

வெளியே வரும்போது ஆர்க்கிடெக்ட் பெண் ஓடி வந்தாள். பெயிண்டுக் கடையில் கலரை மெஷினில் வைத்துப் படித்து அதேபோலக் கலந்து தருவார்களாம். சுவரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. சுரண்டின தூள் போதாது. "இந்தத் துண்டையே கொண்டு போங்க" என்று என் மருமகள் நோட்டிலிருந்து ஸ்டேபிளைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

கண் டாக்டர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது, இத்தனை நாள் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்த்திருக்கிறீர்கள், இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்டார். மெல்ல மெல்ல மஞ்சளாகிறதை எப்படித் தெரிந்துகொள்வது? வேட்டி பழுத்தது தெரிந்தது, கடல் மாறியது தெரிந்தது, சுவர் பொய் சொன்னது தெரிந்தது. கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் குறை கண்டுபிடித்தேன்.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். கட்டைப் பிரித்ததும் பக்கத்தில் நின்ற என் கணவரின் வேட்டியைப் பார்த்தேன். அப்படி ஒரு வெள்ளை. கண் கூசியது. "ஏன் அழுவுத?" என்று அவர் பதறினார். வேட்டி வெள்ளையாக இருக்கிறது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மருமகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சோப்புத் தூளுக்காக வாங்கிய திட்டெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

அடுத்த கண்ணுக்கு ஒரு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அந்த ஒரு மாதம் எனக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. இடது கண்ணை மூடினால் ஓர் உலகம், வலதை மூடினால் இன்னொன்று. கத்தரிக்காய் இப்படிப் பார்த்தால் ஊதா, அப்படிப் பார்த்தால் காப்பி. எது நிஜம் என்று கேட்டபோது, புதுக் கண்ணில் எல்லாம் சில நாளைக்குச் சற்று நீலமாகத் தெரியும், போகப் போகப் பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார். பழைய கண் மஞ்சள் சேர்த்துச் சொல்கிறது, புதுக் கண் நீலம் சேர்த்துச் சொல்கிறது என்றால், நான் எதை நம்புவது?

அந்த மாதத்தில்தான் கலை மையத்தின் திறப்பு விழா வந்தது. நான், என் கணவர், மருமகள் மூவரும் போனோம். எச்.எம். ரூமில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பழைய மாணவிகள் ஒவ்வொரு அறையாகப் புகுந்து, 'இது அஞ்சு பி', 'இல்லை, நாலு ஏ' என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரேயர் ஹாலின் நான்கு சுவரும் புதுப் பெயிண்டில் பளபளத்தன. பெயிண்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "இப்ப எப்டிம்மா கீது கண்ணு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

மேடையில் ஆர்க்கிடெக்ட் பெண் பேசும்போது, இந்த ஹாலின் பழைய நிறம் கிடைக்க என் மருமகள்தான் காரணம் என்று சொல்லி, அவளை எழுந்து நிற்கச் சொன்னாள். கூட்டம் கை தட்டியது. அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காது வரை சிவந்துபோய் உட்கார்ந்தாள். நான் இவளுக்கு ஒரு தடவையாவது கை தட்டியிருக்கிறேனா என்று யோசித்தேன். அன்று தட்டினேன், கை வலிக்கிற வரைக்கும்.

விழா முடிந்து கூட்டம் காபிக்குப் போன பிறகு, ஜன்னலுக்குப் பக்கத்தில் போனேன். அன்று சுரண்டிய உள்ளங்கை அகல இடத்தை மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விட்டு, கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிப் புதுச் சுவர். வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு, புதுக் கண்ணால் பார்த்தேன். கண்ணாடிக்குள் என் மயில் கழுத்து. நான் முட்டி போட்டுப் பார்த்த அதே சுவர். இத்தனை வருஷம் கழித்து அதே ஒரு முழ தூரத்தில்.

அதைச் சுற்றியிருந்த புதுப் பெயிண்ட் ஒரு ஷேடு குறைவு.

ஒரே ஒரு ஷேடு. புதுச் சுவரில் நீலம் கொஞ்சம் வெளுத்திருந்தது. கடையில் இப்படி ஒரு பீஸை எடுத்து வந்தால் நான் திரும்பக் கொண்டுபோய் வைக்கச் சொல்லியிருப்பேன். நோட்டில் இருந்த துண்டு முப்பது வருஷத்தில் வெளுத்திருக்கலாம். நானே அன்று ஒரு ஷேடு பிசகி வெட்டியிருக்கலாம். மெஷின் தப்பாகப் படித்திருக்கலாம். இல்லையென்றால் டாக்டர் சொன்னாரே, இந்தக் கண்தான் வேண்டாத நீலத்தையெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறதோ என்னவோ. என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணாடி போட்டதாலும் அப்படித் தெரியலாம். தள்ளி நின்று பார்த்தேன், கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு ஷேடு இருக்கத்தான் செய்தது. ஹால் முழுக்க, நான்கு சுவரிலும், கூரையைத் தொடுகிற உயரம் வரைக்கும்.

மருமகள் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"அத்தை."

திரும்பினேன். கை தட்டல் வாங்கிய சிவப்பு இன்னும் காதில் இருந்தது. அவள் சுவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலர் சரியா வந்திருக்கா அத்தை? நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

நான் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வலது கண்ணை, அந்தப் புதுக் கண்ணை, உள்ளங்கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளும் பச்சை, வெளியிலும் பச்சை. ஒரு துளி வித்தியாசம் இல்லை.

"அச்சு அசலா இருக்கும்மா" என்றேன்.